மேற்கு வெயிலுக்கு நேராகக் கண்ணாடி வேண்டாம்: பள்ளி அறக்கட்டளைக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி அறக்கட்டளையின் தலைவர், செயலாளர், கட்டடக் குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

நம் பள்ளியின் பழைய கட்டடத்தை முழுவதுமாக இடித்துவிட்டு, சாலையைப் பார்த்தபடி நான்கு மாடிக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பப்போவதாக நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை போன வாரம் என் கைக்கு வந்தது. இருபத்து நான்கு வகுப்பறைகள், அத்தனையிலும் ஏசி, வைகாசியில் பூமி பூஜை, கட்டடம் திறந்த நாளிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகக் குளிர்சாதனக் கட்டணம். கூடவே வரைபடத்தின் நகலும் இருந்தது. அதை இரவு இரண்டு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டடத்தை இப்படியே கட்டக் கூடாது. முன்னாள் மாணவர் கூட்டத்தில் எழுந்து கேட்டபோது, "இப்போது எல்லாரும் இப்படித்தான் கட்டுகிறார்கள், பெற்றோரும் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்" என்ற ஒரு வரியோடு பேச்சை முடித்துவிட்டீர்கள். அதனால்தான் பெற்றோர், ஆசிரியர் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் அப்பா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கொத்து வேலைக்கு வந்தவர். அம்மா அவரோடு சித்தாளாக வேலை பார்த்தார். அவர்கள் கலவை சுமந்த காசில் இந்தப் பள்ளியில் படித்து, 1991இல் பத்தாம் வகுப்பு முடித்தேன். பிறகு சிவில் டிப்ளமோ. முப்பது ஆண்டுகளாகக் கட்டட மேற்பார்வைதான் என் பிழைப்பு. அவுட்டர் ரிங் ரோட்டில் நான் கூட நின்று எழுப்பிய கண்ணாடிக் கட்டடங்கள் ஐந்து. கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு பேசவில்லை.

முதலில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் கட்டிய இணைப்புக் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதிய வரைபடம் அதன் பெரிய நகல்தான்.

என் தம்பி மகள் அங்கே மூன்றாவது மாடியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன மார்ச் மாதம் பெற்றோர் கூட்டத்துக்குத் தம்பியால் வர முடியாததால் நான் போனேன். மதியம் இரண்டே முக்கால் மணி. அறையின் மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. பெஞ்சின்மேல் ஏறி நின்றால் கை எட்டும் உயரம் வரை அந்தக் கண்ணாடியில் மைதாப் பசையால் செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். அதற்கு மேலே இருந்த இடைவெளி வழியாக வெயில் நேராக உள்ளே இறங்கி, நான்கு பெஞ்சுகள் மேல் விழுந்துகொண்டிருந்தது. அந்த நான்கிலும் யாரும் இல்லை. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான்கு பேராக, நாற்பத்து நான்கு பிள்ளைகளும் எதிர்ச்சுவர்ப் பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். காகிதம் ஒட்டியதால் அறை இருண்டுபோய், பட்டப்பகலில் ஆறு டியூப்லைட்டும் எரிந்தன. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கூரைத் தளத்தில் தேங்கிய சூட்டை அது பிள்ளைகளின் தலைமேல் இறக்கிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு சிறுமி நனைத்த கைக்குட்டையைப் பிடரியில் போட்டிருந்தாள். அது காய்ந்ததும் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து மறுபடி நனைத்தாள்.

வகுப்பு ஆசிரியை சொன்னார்: "மதியத்துக்குமேல் இந்த அறையில் கணக்கு நடத்துவதை விட்டுவிட்டோம், அக்கா. பிள்ளைகளுக்கு ஏறுவதில்லை."

ஐயா, இந்த ஒரு வாக்கியத்துக்காகவாவது கட்டடக் குழு ஒரு முறை கூடியிருக்க வேண்டும். ஒரு பள்ளிக்கூடம் தன் சுவருக்குப் பயந்து கணக்குப் பாடத்தை இடம் மாற்றி வைத்திருக்கிறது.

மறுநாள் என் வெப்பமானியை எடுத்துக்கொண்டு வந்தேன். தலைமையாசிரியையிடம் அனுமதி கேட்டு, மூன்று நாள் ஒரே நேரத்தில், வெயில் படாத இடத்தில், பெஞ்சு உயரத்தில் தொங்கவிட்டு அளந்தேன். இணைப்புக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் 36, 37, 37 டிகிரி. பழைய கட்டடத்தில் நான் படித்த ஆறாம் வகுப்பு அறையில் 30, 31, 31. வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் 33. மேல்மாடியையும் தரைத்தளத்தையும் ஒப்பிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பழைய அறைக்கும் வெயில் நேரே விழும் கூரைதான் இருக்கிறது, அதன் மேல் மாடி கிடையாது. இணைப்புக் கட்டடத்தின் தரைத்தளத்தில் அளந்தபோதும் 34க்குக் கீழே இறங்கவில்லை. மரத்தடி நிழலைவிடக் குளிர்ச்சியான ஓர் அறை நம் வளாகத்தில் இருக்கிறது. அதைத்தான் முதலில் இடிக்கப்போகிறீர்கள்.

அந்த அறை ஏன் அப்படி இருக்கிறது? அளவாகச் செதுக்கிய சைஸ் கல்லால் ஒன்றரை அடி கனத்தில் சுவர். பதினான்கு அடி உயரம். மேலே மங்களூர் ஓடு. சுவரின் உச்சியில், ஓட்டுக்குச் சற்றுக் கீழே, எப்போதும் திறந்திருக்கும் வெண்டிலேட்டர்கள். மேற்குப் பக்கம் எட்டடி அகலத்தில் தாழ்வாரம். வெயில் சுவரைத் தொடுவதற்கு முன்பே தாழ்வாரத்தில் நின்றுவிடுகிறது. சூடான காற்று மேலேறி வெண்டிலேட்டர் வழியே வெளியேற, கீழே கிழக்குச் சன்னல் வழியே வேறு காற்று உள்ளே வருகிறது. இரவில் குளிர்ந்த கல், மறுநாள் பிற்பகல் வரை அந்தக் குளிர்ச்சியை வைத்திருக்கிறது.

1986 கோடை விடுமுறையில் அந்த ஓடுகளை மாற்றிப் போட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். மதியச் சோறு கொண்டுபோன என்னை ஏணிப்படியில் நிறுத்தி வைத்து, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் என் விரலை நுழைக்கச் சொன்னார். உள்ளிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்துகொண்டிருந்தது. "ஓட்டுக்கு மூச்சு உண்டு. தளத்துக்குக் கிடையாது. தளம் போட்டால் அதற்கு மேலே ஏதாவது நிழல் கொடுக்க வேண்டும்" என்றார். டிப்ளமோவில் பிறகு நான் படித்ததெல்லாம் அன்று விரலில் பட்டதற்கான விளக்கம்தான்.

பெங்களூரைப் போல் கட்டடக்காரருக்கு ஒத்துழைக்கும் ஊர் நாட்டில் அதிகம் இல்லை. கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் கூடுதலான உயரம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது. அதில் பெங்களூர் மிதமான மண்டலத்தில் வருகிறது. மார்ச் மாதத்தில் பகல் உச்சம் சராசரியாக 33 டிகிரியை ஒட்டிப் போனாலும், இரவில் 20க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். இரவுக் குளிர்ச்சியைச் சுவரில் சேமித்து வைத்துக்கொண்டு, பகல் வெயிலை வெளியே நிறுத்தினால் மின்விசிறியே போதும். இந்த ஊரும் சூடேறிக்கொண்டுதான் வருகிறது. 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி, 2024 ஏப்ரலில் 38.5 டிகிரி பதிவானது. அப்படியானால் இன்று கட்டுவதை இன்னும் கவனமாகக் கட்ட வேண்டும். இன்று எழுப்பும் சுவருக்குள் ஐம்பது ஆண்டுப் பிள்ளைகள் உட்காரப்போகிறார்கள்.

கண்ணாடி என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒப்படைத்த ஓர் அலுவலகக் கட்டடத்தில், ஆட்கள் குடியேறிய இரண்டாவது மாதம், பிற்பகல் மூன்று மணிக்குக் குளிரூட்டும் இயந்திரம் நின்றுபோனது. விளக்கும் கணினியும் ஓடிக்கொண்டிருந்தன, குளிர்ச்சி மட்டும் இல்லை. திறப்பதற்கு ஒரு சன்னல் கிடையாது. முக்கால் மணி நேரத்துக்குள் மேற்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் படியிறங்கிச் சாலையோரப் புங்கமரத்தடிக்கு வந்துவிட்டார்கள். அன்று அந்தக் கும்பலுக்கு நடுவே, அந்தக் கட்டடத்துக்குக் கையெழுத்துப் போட்டவளாக நின்றேன். அந்த அவமானம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வெயிலின் ஒளி கண்ணாடி வழியே தடையின்றி உள்ளே வரும். அது மேசையையும் தரையையும் மனிதரையும் சூடாக்கிய பிறகு, அந்தச் சூடு கண்ணாடி வழியே திரும்பிப் போகாது. குளிர்நாட்டுக்காரர்கள் செடி வளர்ப்பதற்காகக் கண்ணாடி வீடு கட்டுவது இதற்காகத்தான். லால்பாகில் 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட நம் ஊர்க் கண்ணாடி மாளிகைகூடப் பக்கங்களில் திறந்தே நிற்கிறது.

இப்போது உங்கள் வரைபடத்துக்கு வருகிறேன். இருபத்து நான்கு வகுப்பறைகளில் பதினாறு அறைகளின் கண்ணாடிச் சுவர் மேற்கைப் பார்க்கிறது, ஏனென்றால் சாலை மேற்கில் இருக்கிறது. மார்ச் மூன்றாம் வாரத்தில் சூரியன் நேர் மேற்கில் மறைகிறது. அப்போது பெங்களூரில் மாலை நான்கு மணிக்கு அது தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ முப்பத்தாறு பாகை உயரத்தில்தான் இருக்கும். நீங்கள் போட்டிருக்கும் இரண்டடி சன்ஷேட் அந்த நேரத்தில் ஒன்றரை அடி உயரத்துக்குத்தான் நிழல் தரும். கண்ணாடியின் உயரமோ ஒன்பது அடி. தெற்குச் சன்னலுக்கு சன்ஷேட் போதும், வெயில் அங்கே உயரத்திலிருந்து விழுகிறது. வடக்குச் சன்னலுக்குச் சிறியது போதும். மேற்குக்கு மட்டும் மேலிருந்து குடை பிடித்துப் பயனில்லை. தாழ்வாரம் வேண்டும், அல்லது இடையிடையே துளை விட்டுக் கட்டிய செங்கல் ஜாலி வேண்டும், அல்லது மரம் வேண்டும். நம் பழைய கட்டடத்தில் தாழ்வாரமும் மரமும் சேர்ந்தே இருக்கின்றன. யாரோ பெயர் தெரியாத மேஸ்திரி ஒருவர் மேற்கு எது என்று பார்த்துவிட்டுத்தான் நூல் பிடித்திருக்கிறார்.

காற்றைப் பற்றி இன்னும் கவலையாக இருக்கிறது. ஒவ்வொரு அறையும் 500 சதுர அடி. அதில் திறக்கக்கூடியவை இரண்டே கண்ணாடிகள், ஒவ்வொன்றும் மூன்றடிக்கு இரண்டடி. முழுதாகத் திறந்தாலும் 12 சதுர அடிதான். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018இல் வீடுகளுக்காக வெளியிட்ட ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’, மிதமான மண்டலத்தில் தரைப்பரப்பில் குறைந்தது 12.5 சதவீதம் திறக்கும் வழி இருக்க வேண்டும் என்கிறது. அதாவது எட்டில் ஒரு பங்கு. 500 சதுர அடிக்கு 62 சதுர அடிக்குமேல் வரும். நான்கு பேர் குடியிருக்கும் வீட்டுக்கே இந்த அளவு என்றால், நாற்பத்தைந்து பிள்ளைகள் ஆறு மணி நேரம் மூச்சு விடும் அறைக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு எப்படிப் போதும்?

ஏசி இருக்கிறதே என்பீர்கள். நீங்கள் பட்டியலிட்டிருப்பது சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் வகை. அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருக்கும் அதே காற்றை இழுத்துக் குளிரவைத்து மறுபடி அதே அறைக்குள் விடும். பிள்ளைகளின் மூச்சுக்காற்று அங்கேயே சுற்றிச் சுற்றித் தேங்கும். தலை கனக்கும், தூக்கம் வரும், ஒருவருக்குச் சளி பிடித்தால் வரிசைக்கே பரவும். கொரோனாவுக்குப் பிறகு பள்ளியைத் திறந்தபோது சன்னல் அத்தனையையும் திறந்து வையுங்கள் என்று நீங்கள்தானே அறிவிப்புப் பலகையில் எழுதினீர்கள்? அறைக்கு ஒன்றரை டன் ஏசி இரண்டு என்றால் நாற்பத்தெட்டு இயந்திரங்கள். எல்லாம் முழுவேகத்தில் ஓடினால் எழுபது கிலோவாட்டுக்குமேல் மின்சாரம் இழுக்கும். மின்சாரம் போகும் மதியங்களில் அதற்கு ஈடு கொடுக்கும் ஜெனரேட்டர் எதுவும் வரைபடத்தில் இல்லை. அந்த மின்கட்டணம்தான் பிள்ளைகளின் தலையில் விழப்போகிறது. நம் பள்ளிப் பெற்றோர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோ ஓட்டுகிறவர்கள், தையல் வேலை செய்கிறவர்கள், நான்கு வீட்டில் பாத்திரம் துலக்குகிறவர்கள். தேவையற்ற ஒரு சுவரை வைத்து, அது உண்டாக்கும் சூட்டைத் தணிக்க அவர்களிடம் மாதாமாதம் பணம் கேட்பது அநியாயம். இதைவிட மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

சன்னலைத் திறந்தால் சாலைச் சத்தமும் தூசியும் வரும் என்று கட்டடக் குழுவில் ஒருவர் சொன்னாராம். உண்மைதான். நான் படித்தபோது அந்தச் சாலையில் குதிரை வண்டிகூடப் போனது. இன்று சிக்னலில் வண்டிகள் நிற்கும்போது ஆசிரியரின் குரல் கேட்பதில்லை. ஆனால் இதற்கும் மேற்கு வெயிலுக்கும் மருந்து ஒன்றேதான். மாடிப்படி, கழிப்பறை, பொருள் அறை, நடைவழி ஆகிய நான்கையும் சாலைப் பக்கம் நகர்த்துங்கள். அவற்றின் வெளிமுகத்தில் செங்கல் ஜாலி வையுங்கள். சூடும் சத்தமும் தூசியும் அங்கேயே தங்கிவிடும். வகுப்பறைகள் அதற்குப் பின்னால் கிழக்கிலும் வடக்கிலும் உள்முற்றத்தைப் பார்த்துத் திறக்கட்டும். நம் ஊர் டொம்லூரில் உள்ள, எரிசக்தி ஆய்வு நிறுவனமான டெரியின் கட்டடத்துக்குப் போய்ப் பாருங்கள். அதன் தெற்குப் பக்கம் நாற்றமடிக்கும் சாக்கடை. வடிவமைத்தவர்கள் அந்தப் பக்கத்தை இரட்டைச் சுவராக்கி, வெளிமுகத்தில் கருப்புக் கடப்பாக் கல் பதித்தார்கள். வெயிலில் கல் சூடாக, இடையில் உள்ள காற்று மேலேறி வெளியேறுகிறது. அந்த இழுப்பில் வடக்குப் பக்கத்துக் காற்று அறைகளுக்குள் வருகிறது. நம் பள்ளியிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம்தான்.

பணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. ஐந்து கட்டடங்களின் பில்களைச் சரிபார்த்த கை இது: கண்ணாடித் திரைச்சுவரின் ஒரு சதுர அடிக்கு ஆகும் செலவில், பூசிய செங்கல் சுவர் இரண்டு சதுர அடிக்கு மேலேயே கட்டலாம். கயிற்றில் ஆள் தொங்கித் துடைக்கும் செலவு தனி.

பழைய கட்டடத்தை அப்படியே பாதுகாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வடக்குச் சிறகின் உத்திரங்களைக் கரையான் அரித்திருக்கிறது. அங்கே பிள்ளைகளை உட்காரவைப்பது ஆபத்து. இடமும் போதவில்லை. புதிய கட்டடம் வேண்டும். ஆனால் தெற்குச் சிறகு உறுதியாக நிற்கிறது. போன மாதம் சுவரையும் கைமரங்களையும் நானே தட்டிப் பார்த்தேன். அதை இடிக்க எந்தக் காரணமும் இல்லை, வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்பதைத் தவிர. அதே வாகனங்களுக்காகத்தான் தூங்குமூஞ்சி மரத்தின் மேலும் சிவப்புக் கோடு போட்டிருக்கிறீர்கள். கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976இலிருந்து இருக்கிறது, மர அதிகாரியின் அனுமதி இல்லாமல் அதைத் தொட முடியாது. அனுமதி கேட்டால் எதிர்த்து மனுக்கொடுக்க நான் முதல் ஆளாக நிற்பேன்.

மழைநீரையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு ஏறக்குறைய 970 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் 6,000 சதுர அடி மொட்டைமாடி கட்டுகிறீர்கள். சரியாகச் சேகரித்தால் நான்கு லட்சம் லிட்டருக்குமேல் கிடைக்கும். வரைபடத்தில் மழைக்குழாய் நேராகச் சாக்கடைக்குப் போகிறது. 2024 கோடையில் டேங்கர் லாரிக்காகப் பள்ளி எத்தனை நாள் காத்திருந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

என் கோரிக்கைகள் இவை.

வரைபடம் திருத்தப்படும் வரை பூமி பூஜையைத் தள்ளிவையுங்கள். மேற்குப் பக்கக் கண்ணாடியை முழுவதுமாக நீக்கி, அங்கே நடைவழியும் படியும் ஜாலியும் வரும்படி அறைகளைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வகுப்பறையிலும் தரைப்பரப்பில் எட்டில் ஒரு பங்குக்குக் குறையாமல் திறக்கும் சன்னல், அதுவும் எதிரெதிர்ச் சுவர்களில். கூரையை ஒட்டி வெண்டிலேட்டர். மேல்தளத்துக்கு வெப்பம் தடுக்கும் அடுக்கும் அதன்மேல் வெள்ளை ஓடும். ஏசி கணினி அறைக்கு மட்டும் போதும். குளிர்சாதனக் கட்டணத்தைக் கைவிடுவதாக எழுத்தில் அறிவியுங்கள். தெற்குச் சிறகும் மரமும் நிற்கட்டும். இடிக்கும் வடக்குச் சிறகின் கல்லையும் நல்ல ஓடுகளையும் விற்காமல் புதிய கட்டடத்தின் தாழ்வாரத்துக்குப் பயன்படுத்துங்கள். மழைநீர்த் தொட்டியை வரைபடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இணைப்புக் கட்டடத்துக்குப் புதிய கட்டடம் வரும்வரை காத்திருக்க முடியாது. இந்தக் கோடை விடுமுறைக்குள் அதன் மேற்குக் கண்ணாடிக்கு வெளியே மூங்கில் தட்டிகளைக் கட்டுங்கள். வெயிலை வெளியிலேயே நிறுத்த வேண்டும், உள்ளே வந்த பிறகு திரை போட்டோ காகிதம் ஒட்டியோ பயனில்லை. கண்ணாடியின் கீழ்ப்பாதியைத் திறக்கும் சன்னலாக மாற்றுங்கள். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். இந்த மூன்றையும் என் கூலி எதுவும் இல்லாமல் நானே மேற்பார்த்து முடித்துத் தருகிறேன்.

திருத்திய வரைபடத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் விளக்கக் குறிப்போடு பெற்றோர் முன்னும் ஆசிரியர்கள் முன்னும் வையுங்கள். அந்த எட்டாம் வகுப்பு ஆசிரியையைக் கட்டடக் குழுவில் சேருங்கள். குழுவின் அடுத்த கூட்டத்தை ஒரு வேலைநாளில், மதியம் இரண்டரை மணிக்கு, இணைப்புக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், சாலைப் பக்கத்து அறையில், காலியாகக் கிடக்கும் அந்த நான்கு பெஞ்சுகளில் அமர்ந்து நடத்துங்கள். செயலாளர் ஐயா, நீங்களும் இதே பள்ளியின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவர். கூட்டத்துக்கு அழைத்தால் நான் வெப்பமானியோடு வருகிறேன்.

முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
1991ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்பு மாணவி,
பெங்களூர்